அங்காடிக் குருவி எங்கே போனது?

திருவனந்தபுரத்தில் ஒரு பழைய கடைத்தெரு இருக்கிறது. அதன் பெயர் சாலை. சாலை பஜார் என்றும் சொல்வார்கள். திருவிதாங்கூரில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் இந்தக் கடைத்தெருவை உண்டாக்கினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அரிசி, பருப்பு, மிளகாய், புளி எல்லாம் இங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தமிழ் பேசும் வியாபாரிகளும் தொழிலாளர்களும் இங்கே நிறையப் பேர்.

ஒரு பாட்டியும் பேரனும் அந்தத் தெரு வழியாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி ஓர் அரிசிக் கடை முன்னால் நிற்கிறார். அண்ணாந்து பார்க்கிறார்.

"என்ன பாட்டி தேடுறீங்க?"

"குருவியைத் தேடுறேன் மக்களே. நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த புதுசிலே, தெரு முழுக்கக் குருவிச் சத்தம்தான். மூட்டை இறக்கும்போது அரிசி சிந்தும். குருவி நம்ம காலடியிலேயே வந்து கொத்தும். கடைக்காரங்க விரட்ட மாட்டாங்க. குருவி கூடு கட்டினா வியாபாரம் செழிக்கும்னு சொல்லுவாங்க."

"இப்பவும் பறவை இருக்கே பாட்டி. அதோ புறா. அதோ காக்கா."

"அதெல்லாம் இருக்கு. குருவியைத்தான் காணோம்."

பேரன் சொன்னது சரி. பாட்டி சொன்னதும் சரி. நகரத்தில் பறவைகள் இல்லாமல் போகவில்லை. சில பறவைகள் பெருகுகின்றன. சில பறவைகள் குறைகின்றன. இது ஏன்? வாருங்கள், பார்ப்போம்.

பாடும் பறவைகள்

சிட்டுக்குருவிக்கு மலையாளத்தில் ஓர் அழகான பெயர் உண்டு. அங்காடிக் குருவி என்பார்கள். அங்காடி என்றால் கடைத்தெரு. அந்தக் குருவி எங்கே வாழும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் இன்னும் பல சிறு பறவைகள் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் வண்ணாத்திக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் இதை மண்ணாத்திப்புள்ள் என்பார்கள். விடியும் முன்பே இது பாடத் தொடங்கிவிடும். தலையில் கொண்டை வைத்த புல்புல் உண்டு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் தையல் சிட்டு உண்டு. செம்பருத்திப் பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டு உண்டு. கூட்டமாகத் தரையில் சருகைக் கிளறும் தவிட்டுக் குருவி உண்டு.

பறவைகள் ஏன் பாடுகின்றன? நம்மை மகிழ்விக்க அல்ல. பெரும்பாலும் ஆண் பறவைதான் பாடுகிறது. "இது என் இடம். வேறு ஆண் பறவை இங்கே வராதே" என்று சொல்கிறது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று பெண் பறவையையும் அழைக்கிறது. பாட்டு கேட்டால்தான் ஜோடி சேரும். ஜோடி சேர்ந்தால்தான் குஞ்சு உண்டாகும்.

நகரத்தின் இரைச்சல் இந்தப் பாட்டையும் பாதிக்கிறது. நெதர்லாந்து நாட்டில் லைடன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகள் சிறு பறவைகளின் பாட்டைப் பதிவு செய்தார்கள். இரைச்சல் மிகுந்த இடத்தில் இருந்த பறவைகள் கீச்சுக் குரலில் பாடின. வண்டிகளின் தடித்த ஓசையில் பாட்டு அமுங்கிப் போகாமல் இருக்க அப்படிப் பாடின. 2003-ஆம் ஆண்டு இது வெளியானது. பேருந்து நிலையத்தில் நாம் குரலை உயர்த்திப் பேசுகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

குருவிக்கு என்ன வேண்டும்?

நமக்கு வேண்டியவைதான் குருவிக்கும் வேண்டும். இருக்க இடம் வேண்டும். உண்ண உணவு வேண்டும். பிள்ளை வளர்க்க வசதி வேண்டும்.

முதலில் இடம். பழைய வீடுகள் ஓட்டு வீடுகள். ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவே சந்து இருக்கும். சுவரில் பொந்து இருக்கும். குருவி அங்கே வைக்கோலைச் செருகிக் கூடு கட்டும். இன்றைய கட்டடங்களில் கான்கிரீட் கூரை. வழவழப்பான சுவர். கண்ணாடி முகப்பு. குருவி நுழைய ஒரு சந்து கூட இல்லை.

அடுத்தது உணவு. முன்பு அரிசி சாக்கு மூட்டையில் வந்தது. கடையில் அளந்து போட்டார்கள். சிந்தியது. வீட்டில் அம்மா முறத்தில் புடைத்தார். நொய்யும் உமியும் முற்றத்தில் விழுந்தன. இப்போது அரிசி பிளாஸ்டிக் பையில் வருகிறது. சிந்துவதே இல்லை. முற்றமும் இல்லை. முற்றம் இருந்த இடத்தில் இன்டர்லாக் கல் பதித்துவிட்டோம்.

மூன்றாவது, குஞ்சுகளுக்கு உணவு. இதைப் பலர் அறிய மாட்டார்கள். பெரிய குருவி தானியம் தின்னும். ஆனால் பிறந்த குஞ்சுக்குத் தானியம் செரிக்காது. அதற்குப் புழு, பூச்சி வேண்டும். தாயும் தந்தையும் நாள் முழுவதும் பறந்து பறந்து பூச்சி பிடித்து வந்து ஊட்டும். செடியில்லை என்றால் புழு இல்லை. மருந்து அடித்தாலும் புழு இல்லை. புழு இல்லை என்றால் குஞ்சு பிழைக்காது. பாத்திரம் நிறைய அரிசி வைத்தாலும் பிழைக்காது.

செல்போன் கோபுரம் காரணமா?

"செல்போன் கோபுரம் வந்தது. குருவி போய்விட்டது" என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் இதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கோபுரம் நிற்கும் பல ஊர்களில் குருவிகள் நன்றாகவே வாழ்கின்றன.

2020-ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. அது என்ன சொன்னது தெரியுமா? நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால், 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா போன்ற பெருநகரங்களில் குறைந்துவிட்டது.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கோபுரம்தான் காரணம் என்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இடமும் இரையும் இல்லாததுதான் காரணம் என்றால், நம்மால் செய்ய முடியும்.

வயல் போனது, தூக்கணாங்குருவியும் போனது

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெள்ளாயணி ஏரி இருக்கிறது. அதை ஒட்டிப் புஞ்சக்கரி என்ற வயல்வெளி இருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் அதிகாலையில் அங்கே போவார்கள். நகரத்தில் காண முடியாத பல பறவைகளை அங்கே காணலாம்.

இத்தகைய வயல்வெளிகள் முன்பு கேரளம் எங்கும் பரந்து கிடந்தன. 1970-களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் நெல் விளைந்தது. இப்போது சுமார் 2 லட்சம் ஹெக்டேர்தான். நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. சில வயல்களில் தென்னையும் ரப்பரும் வந்தன. சில வயல்கள் மண் நிரப்பப்பட்டு வீட்டு மனை ஆயின. மிச்சம் இருப்பதைக் காக்க 2008-ஆம் ஆண்டு கேரள அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது.

தூக்கணாங்குருவி வயலை நம்பி வாழும் பறவை. நெல் தாளையும் பனையோலையையும் கிழித்து நார் எடுக்கும். அந்த நாரால் கூடு பின்னும். வயலோரத்துப் பனையிலும் தென்னையிலும் கூட்டைத் தொங்கவிடும். வயல் வீட்டு மனை ஆனால் அதற்கு நாரும் இல்லை, நெல்லும் இல்லை. அது வேறு எங்கே போகும்?

காகம், புறா, மைனா

இனி, பெருகும் பறவைகளைப் பார்ப்போம்.

நாம் எறியும் சோறு, மீன் கழிவு, கோழிக் கழிவு எல்லாம் காகத்துக்கு விருந்து. குப்பை பெருகினால் காகம் பெருகும். காகம் குப்பையோடு நிற்பதில்லை. சிறு பறவைகளின் கூட்டைக் கண்டால் முட்டையையும் குஞ்சையும் தூக்கிவிடும்.

முன்பும் காகம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அப்போது வேலி இருந்தது. செம்பருத்தியும் முள்செடியும் கொடியும் அடர்ந்த உயிர்வேலி. புல்புல்லும் தையல் சிட்டும் அதற்குள் மறைவாகக் கூடு கட்டின. காகத்தின் கண்ணுக்குக் கூடு தெரியவில்லை. இப்போது வேலியை வெட்டி மதில் கட்டிவிட்டோம். நாலு தொட்டிச் செடிதான் மிச்சம். கூடு வெட்டவெளியில் இருக்கிறது. ஒரு பக்கம் காகத்துக்குச் சோறு போடுகிறோம். மறுபக்கம் சிட்டின் மறைவைப் பறிக்கிறோம்.

புறாவுக்கு உயரமான கட்டடம் என்றால் மலைப்பாறை மாதிரி. அதன் முன்னோர் பாறை இடுக்கில் வாழ்ந்தவை. மாடி விளிம்பு, ஏ.சி. பெட்டியின் பின்புறம், பாலத்தின் அடிப்பக்கம் எல்லாம் அதற்கு வீடு. மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டினால் கூட்டம் கூடிவிடும். சிறு குருவிக்கு மிஞ்சாது. புறா எச்சத்தின் தூசி சிலருக்கு நுரையீரல் நோயையும் உண்டாக்கும். 2023-ஆம் ஆண்டு வந்த இந்தியப் பறவைகள் அறிக்கையில், நன்றாகப் பெருகும் பறவைகளில் ஒன்றாகப் புறா சொல்லப்பட்டிருக்கிறது. குயிலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் பறவை என்பது நமக்குத் தெரியும்.

மைனா பொந்தில் கூடு கட்டும். வண்ணாத்திக் குருவியும் பொந்தில்தான் கட்டும். பட்டுப்போன மரங்களை நாம் வெட்டிவிடுகிறோம். பொந்துகள் குறைகின்றன. ஒரு பொந்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டால், பலசாலியான மைனாவே வெல்லும்.

காகமும் புறாவும் மைனாவும் கெட்ட பறவைகளா? இல்லை. அவையும் நம் ஊர்ப் பறவைகளே. நாம் கட்டுவதும் கொட்டுவதும் அவற்றுக்குச் சாதகமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பறவை, வெளிநாட்டில் தொல்லை

ஓர் இடத்தின் பறவையை மனிதர்கள் வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது உண்டு. அது அங்கே பெருகி, அந்த ஊர்ப் பறவைகளை நெருக்கும். இவற்றைக் குடியேறிப் பறவைகள் என்று சொல்லலாம். குளிர் காலத்தில் வந்து, பிறகு திரும்பிப் போகும் வலசைப் பறவைகள் வேறு. அவற்றால் இந்தத் தொல்லை இல்லை.

உலகில் மிகவும் தொல்லை தரும் 100 குடியேறி உயிர்களின் பட்டியல் ஒன்று 2000-ஆம் ஆண்டு வந்தது. அதில் மூன்று பறவைகள் இருந்தன. அந்த மூன்றில் இரண்டு நம் ஊர்ப் பறவைகள். ஒன்று மைனா. இன்னொன்று வாலடியில் சிவப்பு உள்ள புல்புல்.

மைனாவை 1860-களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடிக்கும் என்று நினைத்தார்கள். அது அந்த நாட்டுப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. 1890-களில் நம் காகத்தை ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோனார்கள். குப்பையைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் என்று நினைத்தார்கள். இன்று ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை எங்கும் காகம். 2024-ஆம் ஆண்டு கென்யா அரசு பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது.

இன்னும் ஒரு வேடிக்கை. பாட்டி தேடிய அதே சிட்டுக்குருவியை 1850-களில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது பெருகியது. நீலக் குருவி என்ற அந்த நாட்டுப் பாடும் பறவையின் கூடுகளைப் பிடித்துக்கொண்டது. இங்கே நாம் குருவிக்குப் பெட்டி வைக்கிறோம். அங்கே நீலக் குருவிக்குப் பெட்டி வைத்து, சிட்டுக்குருவி வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வண்ணாத்திக் குருவியின் உறவு

நம் வண்ணாத்திக் குருவிக்கு இந்தியப் பெருங்கடலில் ஓர் உறவுக்காரப் பறவை உண்டு. சேஷல்ஸ் தீவுகளில் வாழ்கிறது. அதுவும் கறுப்புதான். இறக்கையில் வெள்ளைப் பட்டை. அதுவும் நன்றாகப் பாடும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்.

மனிதர்கள் அந்தத் தீவுகளில் காட்டை அழித்தார்கள். பூனைகள் வந்தன. நம் மைனாவும் போய்ச் சேர்ந்தது. மைனா கூடு கட்டும் இடங்களைப் பிடித்துக்கொண்டது. 1970 வாக்கில் ஃப்ரெகேட் என்ற ஒரே தீவில் மட்டும் அந்தப் பறவை மிஞ்சியது. உலகம் முழுவதிலும் இருபதுக்கும் குறைவாகவே இருந்தன.

1990 முதல் அதைக் காப்பாற்றத் தீவிரமாக வேலை செய்தார்கள். கூட்டுப் பெட்டிகள் வைத்தார்கள். மைனாவைக் கட்டுப்படுத்தினார்கள். நாட்டு மரங்களை வளர்த்தார்கள். சில பறவைகளைப் பூனையில்லாத வேறு தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது இருநூறுக்கு மேற்பட்ட பறவைகள் பல தீவுகளில் பாடுகின்றன. முயன்றால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

எண்ணிப் பார்த்தவர்கள்

பறவை குறைகிறது, கூடுகிறது என்று எப்படித் தெரியும்? யாராவது எண்ண வேண்டும். எண்ணியதை எழுதி வைக்க வேண்டும்.

1933-ஆம் ஆண்டு சாலிம் அலி என்ற பறவை அறிஞர் திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் ஊர் ஊராகச் சென்றார். கண்ட பறவைகளை எல்லாம் குறித்து வைத்தார். கே.கே. நீலகண்டன் என்ற ஆங்கில ஆசிரியர் இந்துசூடன் என்ற பெயரில் எழுதினார். 1958-ஆம் ஆண்டு கேரளப் பறவைகள் பற்றி அவர் மலையாளத்தில் எழுதிய புத்தகம் வந்தது. அதைப் படித்துப் பலர் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காமல் இதில் வேலை செய்தார்கள். ஆண்டுக்கு இரண்டு பருவம் போய் எண்ணினார்கள். 361 வகைப் பறவைகளைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பலர் விஞ்ஞானிகள் அல்லர். நம்மைப் போன்றவர்களே. இனி வரும் காலத்தில் எது குறைந்தது, எது கூடியது என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்லலாம்.

நாம் என்ன செய்யலாம்?

கூடு கட்ட இடம் கொடுக்கலாம். ஒரு சிறு மரப்பெட்டி போதும். ஆறு அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம். முன்பக்கம் ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு வட்டத் துளை. துளை பெரிதானால் மைனா நுழைந்துவிடும். பெட்டியை வெயிலும் மழையும் படாத இடத்தில், பத்து அடி உயரத்தில் மாட்ட வேண்டும். பூனை ஏற முடியாத இடமாக இருக்க வேண்டும்.

மண் சட்டியில் தண்ணீர் வைக்கலாம். தினமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

மதில் இருந்தாலும் அதன் ஓரத்தில் உயிர்வேலி வளர்க்கலாம். செம்பருத்தி, மருதாணி, கறிவேப்பிலை போதும். கண்டபடி மருந்து அடிக்க வேண்டாம். நாலு இலையைப் புழு தின்றால் தின்னட்டும். அந்தப் புழுதான் குஞ்சுக்குப் பால்.

பட்டுப்போன தென்னை யார் தலையிலும் விழாத இடத்தில் நின்றால், அதை விட்டு வையுங்கள். மரம் வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கூடு இருந்தால், குஞ்சு பறக்கும் வரை பொறுங்கள்.

குப்பையைத் தெருவில் கொட்டக் கூடாது. திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை முன்பு விளப்பில்சாலைக்குப் போனது. அந்த ஊர் மக்கள் போராடினார்கள். 2011 டிசம்பரில் அந்தக் குப்பை ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு வீட்டுக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் முறை பரவியது. காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் வழக்கம். அது இருக்கட்டும். தெருவில் கொட்டும் குவியல்தான் வேண்டாம்.

காட்டுப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் அடைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பேரனின் நோட்டுப் புத்தகம்

பாட்டியும் பேரனும் வீட்டுக்கு வந்தார்கள். பேரன் ஒரு பழைய நோட்டை எடுத்தான்.

"பாட்டி, நான் தினமும் காலையில் பறவையை எண்ணப் போறேன். நீங்க எழுதறீங்களா?"

"என் கையெழுத்து கோணல்மாணலா இருக்குமே மக்களே."

"குருவி கோவிச்சுக்காது பாட்டி."

பாட்டி சிரித்தார். பேனாவை வாங்கினார். அன்றைய தேதியைப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். காகம் 11. புறா 6. மைனா 2. வண்ணாத்திக் குருவி 1. சிட்டுக்குருவி 0.

அடுத்த ஆண்டு அந்தப் பூஜ்யம் மாறுமா? பெட்டியும் வேலியும் வந்தால் மாறலாம். மாறினால் அது அந்த நோட்டில் தெரியும்.

சிந்திப்போம், பேசுவோம்

1. உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது குறைந்துபோன பறவை எது? பெரியவர்களிடம் கேளுங்கள்.

2. குருவிக்கு அரிசி மட்டும் போட்டால் போதாது. ஏன்?

3. உயிர்வேலிக்கும் காகத்துக்கும் என்ன தொடர்பு?

4. நாளைக் காலை அரை மணி நேரம் வாசலில் உட்காருங்கள். பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.